புதுப்பிப்பு: அலுமினிய ஜன்னல் சட்டத்தில் பூத்த வெள்ளை போய்விட்டது

திருவான்மியூர் வீட்டு ஸ்லைடிங் ஜன்னலின் அலுமினியச் சட்டம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சோப்புத் தண்ணீரில் அழுக்கு மட்டும்தான் போனது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. துணியில் நனைத்து 5 நிமிடம் ஒற்றிவைத்து, பழைய டூத் பிரஷால் லேசாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்தேன். ஊசிமுனை அளவுக் குழிகள் மட்டும் நிற்கின்றன, அவை போகாது.

வாஷிங் சோடா சொன்னவர் மன்னிக்கவும், ஒரு மூலையில் போட்டுப் பார்த்தேன், அந்த இடம் கறுத்துவிட்டது.

எதிர்பாராத விஷயம் ஒன்று: கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகள் மண்ணடைத்துக் கிடந்தன. உப்புக்காற்றோடு தேங்கிய மழைநீரும் சேர்ந்துதான் இவ்வளவும். ஈர்க்குச்சியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று வெளியே போனது.