எண்ணெய்க் கசிவு: பாக்டீரியாவைத் தூவினால் போதுமா?

எண்ணூர்வாசி:
2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய், பாறை இடுக்குகளில் தார்க்குழம்பாகத் தேங்கியதையும், அதை வாளி வாளியாக அள்ளியதையும் நேரில் பார்த்தவன் நான். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டென்றால், அவற்றைத் தொட்டியில் வளர்த்து அங்கேயே தூவியிருக்கக் கூடாதா?

நெய்தல்:
தூவலாம், ஆனால் திறந்த கடற்கரையில் அதனால் கூடுதலாகக் கிடைக்கும் பயன் பெரும்பாலும் சொற்பமே. ஆல்கானிவோராக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் கடல்நீரில் சிறு எண்ணிக்கையில் ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணெய் வந்ததும் தாமாகவே பெருகுகின்றன. எண்ணெயில் கார்பனுக்குக் குறைவில்லை, நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் போதாது என்பதால், அந்தப் பெருக்கம் விரைவிலேயே தடைப்பட்டுவிடுகிறது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியபோது, கரையிலிருந்த பாக்டீரியாக்களுக்கு உரம்தான் இட்டார்கள். சோதனைக்காக உரமிட்ட பகுதி, ஏறக்குறைய இரண்டு வாரங்களில், கறுத்த கற்களின் நடுவே வெளுத்த செவ்வகமாகத் தனித்துத் தெரிந்தது. ஆயினும் அந்தக் கடற்பகுதியில் சரளைக்கு அடியில், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் தங்கிய எண்ணெய், இருபது ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோதும் கிடைத்தது.

வாளியை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பில்தான் பாக்டீரியா வேலை செய்யும். கெட்டிக் குழம்பை அது மேலோட்டமாகத்தான் அரிக்க முடியும். அள்ளிய கசடை மண்ணோடு கலந்து, உரமிட்டு, காற்றோட்டத்துக்காக அவ்வப்போது கிளறிவிடும்போது, வளர்த்துச் சேர்க்கும் பாக்டீரியாவுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எண்ணூர்வாசி:
நன்றி ஐயா. பார்வைக்குத் தெளிந்துவிட்ட நீரில் நச்சு எஞ்சியிருக்கிறதா என்று அறிய வழி உண்டா?

ஆய்வகத்தான்:
அதற்கும் ஒரு பாக்டீரியா உண்டு. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்னும் கடல்வாழ் பாக்டீரியா இயல்பாகவே ஒளிர்வது. அதன் ஒளி அதன் சுவாசத்தோடு பிணைந்திருப்பதால், நச்சுப் பட்டால் மங்கும். உறையவைத்து உலர்த்திய தூளாக வரும் அதை உயிர்ப்பித்து, மாதிரி நீரோடு கலந்து, 15 அல்லது 30 நிமிடங்களில் ஒளிமானியில் அளப்போம். நன்னீர் மாதிரியென்றால் முதலில் உப்புச் சேர்க்க வேண்டும்.

ஆனால் எந்த நச்சு என்பதை அது சொல்லாது. சாம்பல் கழிவும் சாக்கடையும் கலக்கும் எண்ணூரில் ஒளி குறைந்தால் பழியை எண்ணெயின்மேல் மட்டும் போட இயலாது. எண்ணெய் படியாத அருகிடத்து நீரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். அடிமண்ணையும் எடுத்து வாருங்கள், ஏனெனில் கனமான எண்ணெய் அங்கேதான் தங்கும்.