புதுப்பிப்பு: கும்பகோணம் கேம் ஸ்டுடியோ, எல்எல்பியாகவே பதிகிறோம்
முதலாளி இல்லாமல், வேலை செய்கிறவர்களே உடைமையாளர்களாக ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோ தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ‘கூட்டுறவுச் சங்கமாகவே பதியுங்கள்’ என்றார்கள் பலர். ஆறு பேரை வைத்துக்கொண்டு அது நடக்காது. அதனால் எல்எல்பி, அதாவது பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை. 2008 எல்எல்பி சட்டப்படி இரண்டு பேர் போதும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபத்தில் சமபங்கு.

இழுபறி விலகுகிறவர் விஷயத்தில்தான். அவர் உழைத்த கேம் பிறகும் விற்குமே? மூன்று வருடம் பங்கு உண்டு, ஓட்டு கிடையாது என்று முடிவு. சம்பளம் எல்லோருக்கும் ஒன்றே. ‘டெட் செல்ஸ்’ கேமைச் செய்த பிரான்ஸின் மோஷன் ட்வின் ஸ்டுடியோவும் அப்படித்தான். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம், விற்பனையில் 30 சதவீதம் எடுத்ததுபோக மீதிதான் பிரிக்க. முதல் கேம், மேட்டூர்த் தண்ணீரைக் கடைமடை வரை கொண்டுபோவது.