கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போன அனுபவம் இருக்கா? இருந்தா எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எங்க ஏரியா ரோட்டை அகலப்படுத்தப் போறோம், மக்கள் கருத்து சொல்லலாம்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க. வேலை நாள், காலைல 11 மணி. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். லீவு போட்டுட்டுப் போனா மேப்பை மாட்டி வச்சிருக்காங்க, கோடெல்லாம் ஏற்கெனவே போட்டாச்சு, ஆளுக்கு மூணு நிமிஷம்னு மைக் குடுத்தாங்க. ஸ்கூல் பசங்க கிராஸ் பண்ற இடத்துல சிக்னல் இல்லையேன்னு நாலு நாளா உக்காந்து எழுதிட்டுப் போனதை படிச்சேன், மேடையில இருந்தவர் தலைநிமிராமலே "பதிவு செஞ்சுக்கறோம்"னார். எதுல பதிவு செஞ்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா வாசல்லயே கையெழுத்து வாங்கிட்டாங்க, ஃபைல்ல "மக்கள் கலந்துகிட்டாங்க"ன்னு இருக்கும்ல!

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அம்மா 1969லயே முடிவெடுக்கிறதுல மக்களுக்கு எவ்ளோ பங்கு இருக்குன்னு பாக்க ஒரு ஏணி போட்டு வச்சிருக்காங்க, மொத்தம் எட்டு படி, அடியில சும்மா ஆட்டி வைக்கிறது, உச்சியில மக்களே முடிவெடுக்கிறது. கருத்துக் கேக்குறது நாலாவது படி. நாம நாலுல நிக்கிறோம்னு நெனச்சேன், யோசிச்சுப் பாத்தா அது வெறும் தகவல் சொல்ற மூணாவது படிதான்.

---

எங்களுக்கு நேரெதிர் அனுபவம். பங்கேற்பு பட்ஜெட்னு, ஊருக்கு செலவழிக்கிற மொத்தப் பணத்துல ஒரு பங்கை மட்டும் நீங்களே முடிவு பண்ணுங்கன்னு விட்டாங்க. 1989ல பிரேசில்ல போர்டோ அலெக்ரேல ஆரம்பிச்சது, ஏழைங்க இருக்கிற பகுதிக்குத் தண்ணியும் சாக்கடையும் போய்ச் சேர்ந்ததுல அதுக்குப் பெரிய பங்குன்னு சொல்வாங்க. நான் எங்க தெருவுக்கு லைட் வேணும்னு சண்டை போடத்தான் போனேன். இஞ்சினியர் வந்து ஒவ்வொண்ணுக்கும் என்ன செலவாகும்னு போர்டுல எழுதுனார், பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி மழை வந்தா வீட்டுக்குள்ள சாக்கடை வருதுன்னு சொன்னாங்க, அவ்ளோதான், கடைசில நான் சாக்கடைக்கே ஓட்டு போட்டேன். வீட்டுல வந்து திட்டு வாங்குனது தனிக் கதை. எங்க தெரு இன்னும் இருட்டுதான், ஆனா ஏன் இருட்டுன்னு எனக்குத் தெரியும்.

---

எனக்கு லெட்டர் வந்துச்சு, "நீங்கள் குலுக்கலில் தேர்வாகியுள்ளீர்கள்"னு. நிச்சயமா மோசடின்னு ஓரமா போட்டுட்டேன், போன் வந்தப்புறம்தான் நம்புனேன். மக்கள் பேரவைன்னு பேரு, ஒரு பிரச்சினையைப் பேசி அறிக்கை குடுக்க, குடவோலை மாதிரி சீட்டு எடுத்து சாதாரண ஆளுங்கள கூப்பிடுறாங்க, வயசு, ஆண் பெண், படிப்பு எல்லாம் ஊர்ல இருக்கிற விகிதத்துலயே வர்ற மாதிரி. அயர்லாந்துல 2016ல இப்படி 99 பேரை உக்கார வச்சு கருக்கலைப்புச் சட்டத்தைப் பத்திப் பேச வச்சாங்க, 2018 வாக்கெடுப்புல 66.4 சதவீதம் பேர் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. எல்லா இடத்துலயும் இப்படி முடியாது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியால 160 பேர் 2004 முழுக்க உக்காந்து புது தேர்தல் முறைய சொன்னாங்க, அடுத்த வருஷம் வாக்கெடுப்புல 57.7 சதவீதம் ஆதரவு வந்தும் 60 வேணும்னு வச்சிருந்ததால விழுந்துடுச்சு, பாவம்.

நான் பொதுவா கூட்டத்துல வாயே திறக்க மாட்டேன். இங்க ஒவ்வொரு டேபிளுக்கும் ஒருத்தர் இருந்து, அதிகம் பேசுறவங்கள நிறுத்தி, பேசாதவங்கள கேட்டாங்க. ரெண்டாவது வாரம் என் கருத்தே மாறிடுச்சு, அது எனக்கே ஆச்சரியம். அறிக்கை குடுத்தப்புறம் எதை ஏத்துக்கிட்டோம், எதை ஏத்துக்கல, ஏன்னு பாயின்ட் பாயின்ட்டா பதில் வந்துச்சு. நான் கேட்டது கிடைக்கல, ஆனா கோவமும் வரல.

---

ஆன்லைன்ல கருத்து சொல்றத யாரும் எழுதலயே. நான் பாத்த ஒண்ணுல ஒரே வாசகத்தை காப்பி பேஸ்ட் பண்ணி ஆயிரம் பேர் போட்டிருந்தாங்க, கீழ ரிப்ளைல ஒரே அடிதடி. தைவான்ல 2015ல ஊபர் டாக்ஸிக்கு என்ன விதி வைக்கலாம்னு கேக்க போலிஸ்னு ஒரு ஆன்லைன் டூலை வச்சாங்க (நம்ம போலீஸ் இல்லீங்க), அதுல ரிப்ளை பட்டனே கிடையாது, அடுத்தவங்க கருத்துக்கு ஏத்துக்கறேன், இல்ல, தாண்டிப் போறேன்னு அழுத்தலாம், இவ்ளோதான். சண்டை போட வழியில்லாததால எதுல எல்லாரும் ஒத்துப்போறாங்கன்னு தெரிஞ்சிடுது.

---

முதல்ல எழுதுனவன்தான். மேல பாயின்ட் பாயின்ட்டா பதில் வந்துச்சுன்னு படிச்சதும் வயித்தெரிச்சலா இருந்துச்சு. அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்தாச்சு, இதுவும் 11 மணிதான். போன தடவை சிக்னல் கேட்டேனே, அதுக்கு என்ன பதில்னு எழுத்துல கேட்டு லெட்டர் குடுத்திருக்கேன், இந்தத் தடவை ரசீது வாங்கிட்டுதான் வந்தேன்.