நியூஸ் கார்டை எப்படி நம்புவது?

முதுகலை மாணவி, மதுரை:
எங்கள் விடுதியில் நாளிதழைத் தொடுகிறவர்கள் போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும்தான். எனக்குச் செய்தி என்பது வாட்ஸ்அப் குழுவில் வரும் நியூஸ் கார்டும் (செய்தியை ஓரிரு வரியில் சொல்லும் படம்) இன்ஸ்டாகிராம் ரீல்ஸும். நேற்று ‘மழையால் நாளை கல்லூரிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு தொலைக்காட்சியின் சின்னத்துடன் கார்டு வந்தது. பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். உண்மையா என்று நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

பொறியியல் மாணவர்:
அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். போலியை எழுத்துருவே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவருடைய எக்ஸ் பக்கம் போதுமே.

இதழியல் படிப்பவர்:
வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாக அனுப்பினால் அம்புக்குறி போய்விடும். நம் ஆட்களுக்கா அது தெரியாது?

முதுகலை மாணவி:
நன்றி. ஆட்சியர் பக்கத்தைப் பார்த்தேன். ரத்ததான முகாம் பற்றிய பதிவின் கீழேகூட ‘ஐயா, நாளைக்கு விடுமுறை உண்டா?’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள்!