ரயிலில் போன லேப்டாப், தாம்பரத்தில் நின்ற புள்ளி

போன வருடம் சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ரயிலில் போனேன். தலைமாட்டில் வைத்திருந்த லேப்டாப் பையைத் திண்டுக்கல்லில் தடவிப் பார்த்தால் காணோம். மூன்று வருட வேலை அதற்குள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தொலைந்த லேப்டாப் இருக்கும் இடத்தை மேப்பில் புள்ளியாகக் காட்டும் 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்ற விண்டோஸ் வசதியை, லேப்டாப் வாங்கிய அன்றே போட்டு வைத்திருந்தேன். 2015 நவம்பர் அப்டேட்டிலிருந்து இருக்கிறது, தனிக் காசு கிடையாது. ஃபோனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால், புள்ளி எங்கள் தாம்பரம் வீட்டில் நிற்கிறது! கடைசியாக நெட் கிடைத்த இடம் அதுதான். மூடி வைத்த லேப்டாப்பில் சிம்மும் இல்லை, வைஃபையும் இல்லை. அது எப்படி இடம் சொல்லும்? அன்றுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை.

மதுரையில் ரயில்வே போலீஸில் முதல் கேள்வியே, "சீரியல் நம்பர் என்ன?" அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து, ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எஃப்.ஐ.ஆரில் அந்த எண் ஏறியது.

ஐந்தாம் நாள் மதியம் புள்ளி திருச்சியில் ஒரு கடைத்தெருவுக்குத் தாவியது. பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் லாக் திரையிலிருந்தே வைஃபையில் சேர்க்கலாம், யாரோ சேர்த்திருக்கிறார்கள். உடனே லாக் கொடுத்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை ஏட்டய்யாவுக்கு அனுப்பினேன். "நீங்க தனியா அங்க போய் நிக்காதீங்க தம்பி" என்றார். புள்ளி தெருவைத்தான் காட்டியது, எந்தக் கடை என்று காட்டவில்லை. அங்கே குவிந்திருந்த பழைய லேப்டாப்புகளில் என்னுடையதைக் காட்டிக் கொடுத்தது அடியில் இருந்த சீரியல் நம்பர்தான்.

*

அண்ணா, உங்கள் ரயில் கதையைப் படிக்கும்போதே மனசு பதறிவிட்டது. என்னுடையது மேக்புக். கோவையில் ஆட்டோவில் மறந்து இறங்கிவிட்டேன். ஆப்பிளின் 'ஃபைண்ட் மை'யில் நெட் இல்லாமலும் இடம் தெரியும்: லேப்டாப் விடும் ப்ளூடூத் சிக்னலைப் பக்கத்தில் போகிற யாருடைய ஐஃபோனோ பிடித்து அனுப்பிவிடும். காந்திபுரத்தில் ஒரு புள்ளி, அப்புறம் சிங்காநல்லூரில் ஒன்று. அது அங்கேயே நின்றதும் அப்பாவோடு போனேன், ஆட்டோ ஸ்டாண்டு! டிரைவர் அண்ணன் பையைச் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

*

அலுவலகத்தில் லேப்டாப்புகளைப் பராமரிக்கிறவன் நான். திருடியவன் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஃபைண்ட் மை டிவைஸ் போய்விடும். அதனால்தான் நாங்கள் அப்சொல்யூட் என்ற, தொலைந்த லேப்டாப்பைத் தேடும் மென்பொருளை வாங்கினோம். அதன் வேர் பயாஸிலேயே, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் பதிந்த மென்பொருளிலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்கை மாற்றினாலும், விண்டோஸ் ஏறியதும் தானாகவே மறுபடி நிறுவிக்கொள்ளும். ஆனால் முன்கூட்டியே ஆக்டிவேட் செய்திருக்க வேண்டும். பஸ்ஸில் தொலைந்த ஒரு மெஷின் நாற்பது நாள் கழித்து, புது விண்டோஸோடு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அப்புறம் சத்தமே இல்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. டிஸ்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்ததால் உள்ளே இருந்த வாடிக்கையாளர் கோப்புகளை நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. உங்கள் மெஷினிலும் அதைப் போட்டுவிடுங்கள் தம்பி, அந்தப் பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீயை மட்டும் லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.