அந்த எலிகளுக்குப் புற்றுநோய் இருந்ததா?

நுண்நோக்கி: புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை ஏற்றிக்கொள்ளும் நாள்களில் வைட்டமின் ஈ விழுங்கினால் விந்தகமும் சூலகமும் பிழைத்துவிடும் என்று இளமாறன் அடித்துச் சொல்லியிருப்பதைப் படித்து எரிச்சலே மிஞ்சியது. அவர் காட்டும் சான்றெல்லாம் எலிகள். அந்த எலிகளுக்குப் புற்றுநோய் இருந்ததா?

இளமாறன்: படிக்காமலே எரிச்சலடைவது உங்களுக்குப் புதிதன்று. சிஸ்பிளாட்டினும் டாக்சோரூபிசின் என்னும் இன்னொரு புற்றுநோய் மருந்தும் விந்தகத்தில் உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டி, அதைத் தடுக்கும் குளுட்டதயோனின் இருப்பைக் குறைத்து, விந்தணுக்களை ஈனும் உயிரணுக்களை அழிக்கின்றன. வைட்டமின் ஈ-யைப் போலவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெலட்டோனினோ என்-அசிட்டைல்சிஸ்டீனோ பெற்ற எலிகளில் அச்சேதம் குறைந்ததைப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன.

நுண்நோக்கி: கேட்டதற்கு விடை வரவில்லை. கட்டியே இல்லாத எலியில் விந்தகம் பிழைத்தது சரி, கட்டி இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து பிழைத்திருக்காதா? சோடியம் தயோசல்ஃபேட் சிஸ்பிளாட்டினைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் என்பதால்தான், சிஸ்பிளாட்டினால் கெடக்கூடிய குழந்தைகளின் செவியைக் காக்க அதை, சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்து ஏற்றுகிறார்கள். 2022-இல் அமெரிக்கா அளித்த ஒப்புதலும் பரவாத கட்டிகளுக்கு மட்டுமே.

இளமாறன்: இனப்பெருக்க உறுப்பைப் பற்றிப் பேசினால் செவிக்குத் தாவுகிறீர்கள், மெஸ்னா என்னும் காப்பு மருந்து சூலகத்தையும் காக்கும் என்று முன்பொருமுறை எழுதியவரல்லவா நீங்கள்!

நுண்நோக்கி: நான் எழுதியது சிறுநீர்ப்பையைப் பற்றி. சைக்ளோபாஸ்ஃபமைடு என்னும் புற்றுநோய் மருந்திலிருந்து பிறக்கும் அக்ரோலின் என்னும் நச்சை மெஸ்னா அங்கே அடக்குகிறது என்றேன். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் விளங்கியிருக்கும். மனிதரிடம் வருகிறேன்: மார்பகப் புற்றுநோயாளிகளிடையே நடந்த எஸ்0221 ஆய்வில், சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை உட்கொண்டவர்களுக்கு நோய் மீளும் அபாயம் 1.41 மடங்காகத் தென்பட்டது.

இளமாறன்: அது புள்ளியியல் உறுதியை எட்டவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே, வைட்டமினைப் போல.

கயல்: இருவரும் விந்தகத்தை விட்டு நகரவில்லை. சைக்ளோபாஸ்ஃபமைடு சூலகத்தில் டி.என்.ஏ. இழைகளையே குறுக்கே பிணைத்துவிடுகிறது. கருமுட்டைகளைத் தாங்கும் மூல நுண்பைகள் அழிந்துபோனால் மீண்டும் தோன்றுவதில்லை. சிகிச்சைக்கு முன்பே கருமுட்டையையோ விந்தணுவையோ உறையவைக்கும் வழி இருக்கையில், மாத்திரையை நம்பி ஒருவர் அந்த நாள்களைத் தவறவிட்டால் யார் பொறுப்பு?

இளமாறன்: உறையவைப்பதை நான் எங்கே மறுத்தேன்? மெஸ்னா விவகாரத்தில் அவர் முதலில் வருத்தம் தெரிவிக்கட்டும்.

நுண்நோக்கி: தவறாகப் படித்தவருக்கு நான் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம்! ஐந்தாவது முறை கேட்கவும் எனக்குச் சலிப்பில்லை: அந்த எலிகளுக்குப் புற்றுநோய் இருந்ததா, இல்லையா?

இளமாறன்: முதலில் எண்ணப் பழகுங்கள், இது ஐந்தாவது முறையன்று.