மறு: ரெட்ரோரிஃப்ளெக்டர் – என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பிரான்சின் தொடக்ககாலச் சிறு செயற்கைக்கோள்கள் பற்றிய கட்டுரையில் ரெட்ரோரிஃப்ளெக்டர், அதாவது ஒளியை வந்த திசைக்கே திருப்பும் கருவி, என்பதற்கான தமிழ்ச் சொல்லின் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. “பின்னெதிரொளிப்பான்” என்பதற்குத்தான் இதுவரை ஆதரவு அதிகம். எனக்கு அது ஒட்டவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி கூட ஒளியைப் பின்னால்தான் திருப்புகிறது, அதில் என்ன சிறப்பு? இந்தக் கருவியில் மூன்று பரப்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. ஒளி மூன்றிலும் பட்டு வெளியேறும்போது, அது எந்தக் கோணத்தில் நுழைந்திருந்தாலும், வந்த திசைக்கே போகிறது. கோள் சாயலாம், உருளலாம், கவலையில்லை. பெயரில் வர வேண்டியது இந்தக் குணம்தான்.

1966 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட தியாபசோன் கோள், ரேடியோ அலையின் டாப்ளர் மாற்றத்தை (கோளின் ஓட்டத்தால் அலைவெண் மாறுவதை) வைத்துப் புவியளவைக்கு, அதாவது பூமியை அளப்பதற்கு, உதவியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 8, 15 தேதிகளில் போன இரு தியாதெம் கோள்களில் அதோடு இந்தக் கருவிகளும் இருந்தன. தரையிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். மூன்றையும் ஏவியது தியமான்-ஏ ராக்கெட், அல்ஜீரியப் பாலைவனத்தின் ஹம்மகீர் தளத்திலிருந்து. அல்ஜீரியாவின் விடுதலைக்கு வழிவகுத்த எவியான் உடன்படிக்கைப்படி 1967 நடுவில் அந்தத் தளத்தைக் காலி செய்தாக வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு ஏவல் என்பதைப் படிக்கும்போது இந்தக் கெடுவும் நினைவுக்கு வருகிறது.

ஆனால் இந்தச் சொல் இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாதது ஸ்டார்லெட் கோள் பற்றித்தான். 1975 பிப்ரவரி 6, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து தியமான் பிபி4 ராக்கெட் ஏவியது. 24 செ.மீ. விட்டம், 47 கிலோ எடை! உள்ளே யுரேனியக் கலவை. காற்றின் இழுவை சுற்றுப்பாதையைக் கெடுக்காமல் இருக்க, உருவம் சிறிதாகவும் எடை அதிகமாகவும் வைத்தார்கள். மேலே 60 ரெட்ரோரிஃப்ளெக்டர்கள். மின்கலமோ வானொலியோ கிடையாது, அதனால் பழுதாக அதில் ஒன்றுமில்லை. புவியீர்ப்புப் புலத்தையும் ஓதங்களையும் அறிய இன்றும் அதன் மீது லேசர் அடிக்கிறார்கள்.

என் பரிந்துரை: மீள்வழியாடி. முதலில் “வழிதிருப்பி” என்றுதான் யோசித்தேன். போக்குவரத்துப் போலீஸ் ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன்.

—

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பாடநூல்களில் எதிரொளிப்பு என்ற சொல் இல்லை, தெறிப்பு என்றுதான் படித்தோம். முப்பட்டகம் எங்களுக்கு அரியம், செயற்கைக்கோள் செய்மதி. “பின்னெதிரொளிப்பான்” என்றால் இங்கத்தைய மாணவர் ஒருக்கால் தடுமாறுவர். ஆனால் ஆடி பொதுச்சொல். நீங்கள் குழியாடி என்கிறீர்கள், நாங்கள் குழிவாடி என்கிறோம். அதனால் என் வாக்கு மீள்வழியாடிக்கே.

—

இரண்டு ஐயங்கள். ஒன்று, செயற்கைக்கோள்களில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி முப்பட்டகம். அதை ஆடி எனலாமா? “கனமூலை முப்பட்டகம்” துல்லியமாக இருக்குமே. இரண்டு, ஒளி அதே வழியில் மீள்வதாகச் சொல்வதும் முழு உண்மை அல்ல. கோள் நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 1,000 கி.மீ. உயரத்திலிருந்து திரும்பும் ஒளி சுமார் 50 மீட்டர் தள்ளித்தான் விழும்.

—

ஐயா, இரண்டாவதை ஏற்கிறேன், ஆனால் பெயரை அது பாதிக்காது என்று நினைக்கிறேன். முப்பட்டகம் சிறியது என்பதால் திரும்பும் கற்றை எப்படியும் விரிந்துதான் வருகிறது. வடிவமைப்பவர்கள் இந்த விலகலையும் கணக்கில் வைத்தே செய்கிறார்கள். 50 மீட்டர் விலகலைக் கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுகிறேன்.

முதலாவதில் உடன்பாடில்லை. சில சாலைப் பலகைகளில் மின்னுவது கண்ணாடி மணிகள், அங்கே மூலையும் இல்லை முப்பட்டகமும் இல்லை. இருந்தும் வேலை ஒன்றுதான். எனவே பொதுப்பெயர் மீள்வழியாடி, அதில் ஒரு வகை கனமூலை முப்பட்டகம். 1970-இல் சோவியத் ஊர்தி லுனகோத்-1 நிலவுக்குக் கொண்டுபோன பிரெஞ்சுக் கருவிக்கும் இது பொருந்தும். பல பத்தாண்டுகள் ஒளி திரும்பாமல் இருந்து, 2010-இல் இடம் தெரிந்து லேசர் பட்டதும் நன்றாகவே பதில் சொன்னதே, அதுதான்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கட்டுரையில் ஏற்றிவிடுகிறேன். அப்புறம் பெயோல் கோள் இருக்கிறது, ஏவியது 1970 டிசம்பர் 12. நீளமான கம்பம் ஒன்றை நீட்டி, புவியீர்ப்பைக் கொண்டே கோளின் ஒரு முகத்தை எப்போதும் பூமி பக்கம் வைக்கும் முறையை அதில் சோதித்தார்கள். “ஈர்ப்புச்சரிவு நிலைநிறுத்தம்” என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், வாய்க்குள் நுழையவில்லை. யாராவது அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.